பதினேழு போன்

சுகுணா இப்போது விளாத்திகுளத்தில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போனாலும் நான் இறங்குவதில்லை. எந்த முகத்தோடு இறங்குவது?

கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு அவள் வந்தது இரண்டாயிரத்தொன்றில். கழுகுமலைப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். நான் மேனேஜர், முதலாளிக்குப் பங்காளி வேறு. கம்ப்யூட்டர் மட்டும் சுத்தமாகத் தெரியாது. அதை மறைக்கவே அவளை அதட்டிக்கொண்டிருப்பேன்.

வெளியூர் வியாபாரிகள் லேபிள் படங்களை ஈமெயிலில் அனுப்புவார்கள். மெயிலோடு எதிர்பாராத எதாவது சேர்ந்து வந்தால் சுகுணா திறக்கமாட்டாள். அனுப்பியவருக்கு முதலில் போன் போடுவாள்.

"எங்கப்பா புது ஆடு வாங்குனா எட்டு நாள் தனியாத்தான் கட்டுவாவ அண்ணாச்சி. பெறவுதான் கிடையில சேக்குறது" என்பாள்.

ஒருநாள் மும்பை ஏஜென்ட் பெயரில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு மெயில் வந்தது. "அவியகிட்ட கேட்டுட்டுத் திறப்போம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பத்திரிகை வச்ச மனுசங்கிட்ட, நெசமாத்தான் வச்சீரான்னு கேக்கச் சொல்லுதியா? நல்லாருக்கு உன் மரியாதை."

எங்கள் பக்கம் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போன நேரத்தில், அவள் செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில், நானே அமுக்கித் திறந்தேன். உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. அப்போதே அவளிடம் சொல்லியிருந்தால், இன்டர்நெட் வருகிற போன் வயரையாவது பிடுங்கியிருப்பாள். ஒன்றும் தெரியாதவன்போல் என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

வந்தது வைரஸ். மறுநாள் காலையில் பார்த்தால், அதே அழைப்பிதழ் எங்கள் பெயரில் எல்லா வியாபாரிகளுக்கும் தானாகவே போயிருந்தது. திறந்த இரண்டு பேருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "யாரு திறந்தது?" என்று முதலாளி வந்து நின்றார். சுகுணா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அதப் பெறவு பேசிக்கிடலாம் மொதலாளி. மத்தவிய திறக்கதுக்குள்ள சொல்லணும்" என்று போனை எடுத்தாள்.

மொத்தம் பதினேழு பேர். ஒவ்வொருவரிடமும், "எங்க ஆபீஸ்ல நடந்த தப்பு சார், அதத் திறந்துராதீங்க" என்றாள். ஏசினவர்களிடமும் அதையேதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, தன் தப்பைத்தான் ஒப்புக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமையோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கணும் என்பார்கள். தின்றது நான், குடித்தது அவள். உண்மையைச் சொன்னால் பங்காளியான என் வேலை போயிருக்காது. ஒரு சின்னப் பெண் சொல்லியும் கேட்காதவன் என்ற கேவலம்தான் மிஞ்சியிருக்கும். அதற்குப் பயந்து ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க திறந்தத நான் பெருசா நெனைக்கல அண்ணாச்சி. அந்தப் பதினேழு போன்ல ஒண்ணாவது நீங்க பேசியிருக்கலாம்."

அதற்கும் நான் ஒரு பதில் சொன்னேன்.

"தூக்குவாளிய மறந்துராதம்மா."