அஞ்சலி பேனரில் ஒரு புளியமரம்

போளூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று, மின்விசிறி ஒன்று. அதுதான் கோகிலவாணியின் டிசைன் கடை. பிறந்தது மலைமேல். காலேஜ் முடித்துக் கீழே இறங்கியவள், பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஊரார் முகங்களைச் சிவப்பாக்கிக்கொண்டிருக்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதற்கும் பேனர் அவளிடம்தான். அதிலும் அஞ்சலி பேனர் அரை மணியில் ரெடி. சாவு வீட்டுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்களே.

போன வருஷம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மலையில் பதினாலு ஊர்களில் பொதுப் பூங்கா அமைக்கத் திட்டம். அதை எடுத்து நடத்திய நிறுவனத்தின் ஆள் வெற்றிச்செல்வன், சென்னையிலிருந்து கடைக்கே வந்துவிட்டார். லோகோ, பெயர்ப்பலகை, அம்புக்குறி எல்லாம் வேண்டுமாம். "முதல்ல புளியங்கொல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஜனம் வரணும். நல்லா வந்தா பதினாலும் உங்களுக்குத்தான் மேடம்" என்றார். கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. செத்தவர்களை விட்டு உயிருள்ளதை வரையலாமே என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்!

அந்த ஊர்ப் பொது இடத்தில் நிற்கும் புளியமரத்தையே லோகோவாக வரைந்தாள். மூன்று நாள் அதற்கே போய்விட்டது. மறுநாள் கூட்டம், போஸ்டருக்கு நேரமில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, முகம் இருந்த முட்டை வடிவக் கட்டத்தில் மரத்தை வைத்தாள். சுற்றிலும் மாலை அப்படியே இருந்தது. கீழே தேதி, நேரம். கை பழகிய வேலை, கண் கவனிக்கவே இல்லை.

பத்துப் பேர் சேராத ஊரில் மறுநாள் இருநூறு பேர் திரண்டார்கள். வெற்றிச்செல்வன் பூரித்துப்போனார். புளி வியாபாரம் செய்யும் பாஞ்சாலி எழுந்தாள்.

"இன்னா சார், மரத்தை வெட்டப் போறீங்களா?"

"யாரும்மா சொன்னது?"

"உங்க நோட்டீஸ்தான். ரவுண்டுல படம் வச்சு, மாலையும் போட்டு, தேதியும் குடுத்துகிறீங்களே!"

கூட்டத்துக்கு வந்திருந்த கோகிலவாணி, சுவரில் இருந்த போஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். சாட்சாத் அஞ்சலி பேனர். அவமானத்தில் முகம் எரிந்தது.

"டிசைன்ல தப்புன்னு சொல்லிடுங்க மேடம், முடிஞ்சுது" என்று வெற்றிச்செல்வன் கிசுகிசுத்தார்.

பலகைகள் எங்கெங்கே நிற்கும் என்று குறிக்க அவர் கொடுத்திருந்த வரைபடம் அவள் கையில் இருந்தது. மரம் இருப்பதைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம் என்று முதல்முறையாகப் பிரித்தாள். மரத்தைக் காணோம். அது நிற்கும் இடத்தில் கார் நிறுத்தக் கட்டம் போட்டிருந்தது.

பதினாலு ஊர் வேலையும் கண்ணுக்குள் வந்து போனது.

"போஸ்டர் தப்புதாங்க. அவசரத்துல சாவு பேனரை மாத்திட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்றாள். வெற்றிச்செல்வன் மூச்சு விட்டார். அவள் நிறுத்தவில்லை. "ஆனா பிளான்ல மரம் இல்லீங்க. வந்து பாருங்க."

இருநூறு தலைகளும் அந்தக் காகிதத்தின் மேல் குனிந்தன.

மூன்று மாதத்தில் பிளான் மாறி, கார் நிறுத்துமிடம் ரோட்டோரம் தள்ளப்பட்டது, மரம் தப்பித்தது. மிச்ச வேலையெல்லாம் வேலூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர் செய்த பலகைதான் இன்று புளியங்கொல்லைப் பூங்காவின் வாசலில் நிற்கிறது. அதில் இருப்பது தென்னை மரம். முதல்முறை பார்த்தபோது கோகிலவாணிக்கு அழுகையே வந்துவிட்டது. புளியமரத்தின் கீழே போய் உட்கார்ந்து, அழுது முடித்துத்தான் பஸ் ஏறினாள்.