பெக்கான் மரத்தடிப் புட்டி

எங்கள் ஊர் விவசாயச் சாமான் கடையில், திரும்பி வரும் பொருள்களை வாங்கும் மேஜை எர்லீனுடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். நான் பக்கத்துக் கல்லா. மரம் அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து ஒருவன், "தொடவே இல்லை" என்று சத்தியம் பண்ணுவான். எர்லீன் அதன் பல்லிடுக்கில் விரலை விட்டு ஒரு துளி மரத்தூளை எடுத்து அவன் முன்னால் வைப்பாள். அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்தச் சந்தேகம் கடையில் கற்றதல்ல. அவள் புருஷன் டார்ல் குடித்தே செத்தவன். கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி, நாய்த் தீனி டின், பழைய பூட்ஸ் என்று அவன் ஒளித்த புட்டிகளைத் தேடித் தேடியே அவள் வாலிபம் போயிற்று. மகன் கோல்பியும் அப்பன் வழியில் போனான். வண்டியை ஓடைக்குள் விட்டான். அதன்பிறகு நிறுத்தினான், நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் எர்லீன் மகனை இறுக்கிக் கட்டிப்பிடிப்பாள். பாஸ்டர் அதைப் பாசம் என்று நினைத்தார். அது மோப்பம் என்று எனக்குத் தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவள் தினமும் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற பூனை.

கோல்பிக்கும் டெஸாவுக்கும் அக்டோபரில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாணச் செலவும் அதிகாரமும் பெண் வீட்டாருக்கு. முந்தின நாள் கல்யாணத்தை நடத்திப் பார்க்கிற ஒத்திகையும் அது முடிந்ததும் போடுகிற விருந்தும் மட்டும்தான் மாப்பிள்ளையின் அம்மா கையில். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எர்லீன் நான்கு மாதம் திட்டம் போட்டாள். பன்றித்தோள் இறைச்சி, பட்டர் பீன்ஸ், பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் மெத்தென்ற சுடு ரொட்டி, வாழைப்பழப் புட்டிங், இனிப்புத் தேநீர். ஒரு சொட்டு மது கிடையாது. சம்பந்தி ராய்ஸ் சாயங்காலமானால் வாசலில் கிளாஸோடு உட்காருகிற ஆள் என்று ஊருக்கே தெரியும். அவரால் மகன் மறுபடி விழுந்துவிடுவான் என்ற பயம் அவளுக்கு. எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

விருந்தும் கல்யாணமும் ராய்ஸின் பெக்கான் கொட்டைத் தோப்பில். ஒரு மாதம் முன்பு மேஜை போடும் இடத்தை அளக்கப் போனோம். பெரிய மரத்தடியில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. மேலே ஒரு வெள்ளை ரிப்பன். எர்லீன் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டாள். கல்யாணத்தன்று மழை வராதிருக்க, நிறைந்த விஸ்கிப் புட்டியைக் கல்யாணம் நடக்கிற இடத்திலேயே தலைகீழாகப் புதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்தன்று தோண்டி எடுத்துச் சுற்றி நின்று குடிப்பார்கள். மகனிடம் கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். டார்லும் அப்படித்தான் சிரிப்பான் என்றாள் என்னிடம்.

ஒரு மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை. ராய்ஸின் ஐஸ் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். டெஸா வாயில் புதினா மிட்டாய் போட்டால்கூட எதற்கு என்று யோசித்தாள். ஒத்திகை நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டு வேலையில் இருந்தபோது, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் தோட்டக் கரண்டியால் மண்ணைத் தோண்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மண் அப்பிய புட்டியின் மூடியை விரலால் தடவினாள். முகம் வெளுத்தது.

"சீல் உடைஞ்சிருக்குடி, டோனா. எவனோ வாய் வச்ச சரக்கு இது."

திறந்து மோந்து பார் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். அந்த வாசனையை இன்னொரு தடவை முகர அவளுக்குத் தெம்பில்லை. துண்டில் சுற்றி மேஜைக்கடியில் வைத்துவிட்டாள்.

ஒத்திகை முடிந்து முப்பது பேர் உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா நாலு வார்த்தை பேச வேண்டிய நேரம் வந்தது. எர்லீன் எழுந்து, புட்டியை மகனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதத் திறந்து குடிச்சது யாரு?"

கோல்பி மூடியைத் திருகி, தட்டிலிருந்த பிஸ்கட் மேல் புட்டியைச் சாய்த்தான். ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல, கறுப்பாக, நூல் விட்டபடி கரும்புப் பாகு இறங்கியது. சின்ன வயதில் எர்லீன் அவனுக்குக் காலைச் சாப்பாட்டில் ஊற்றிக் கொடுத்த அதே பாகு. நாளைக்குத் தோண்டி எடுத்ததும் அதை ஊற்றிய முதல் பிஸ்கட் அவளுக்குத்தான் என்று வைத்திருந்தார்களாம்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "சம்பந்தியம்மா, அதுல இருந்த சரக்க நான்தாங்க வேலியோரம் கொட்டினேன். இப்ப வீட்ல ஒரு சொட்டு கிடையாது. மாப்பிள்ள வந்து போற வீடு."

கோல்பி அம்மாவைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"நான் விட்டு மூணு வருஷமாச்சும்மா. நீதான் இன்னும் விடல."

எர்லீன் உட்கார்ந்தாள். புட்டிங்கை யாரும் தொடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, காவல் நின்றவள் நானல்லவா. வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் நல்ல உடுப்போடு மண்டியிட்டு, மீதிப் பாகோடு புட்டியைத் தலைகீழாகப் புதைத்து, ரிப்பனையும் கட்டிவைத்தாள்.

அது பலிக்கவில்லை. காலையில் மழை கொட்டியது. நாற்காலிகளையெல்லாம் கிடங்குக்குள் தூக்கினோம். எல்லோரும் எர்லீனைத்தான் பார்த்தார்கள்.

கல்யாணம் தொடங்கும் முன் கோல்பி அம்மாவிடம் வந்தான். அவள் கட்டிப்பிடித்தாள். தோள் ஏறி இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அவனும் அதைக் கண்டுகொண்டான்.

"மூச்சு விடும்மா," என்றான். "மோந்து பாத்துக்கோ, பரவால்ல."