ஐந்து நாள் மாத்திரை

என் சமையலறை அலமாரியில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. அதில் நான் ஊறுகாயும் போடுவதில்லை, உப்பும் போடுவதில்லை. விருத்தாசலத்தில் அண்ணன் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து கோணலாக வந்து, கழித்துப் போட்டது. மூடி ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காரும். அண்ணன் அதில் தன் மாத்திரைகளை வைத்திருந்தார். மூட்டைப்பூச்சியை நசுக்கியது போல ஒரு நாற்றம் அவற்றுக்கு. திறந்தால் இன்னும் அடிக்கிறது. எனக்கு மட்டும்தானோ என்னவோ.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அண்ணனுக்கு ரத்தப் புற்று என்றார்கள். என் எலும்பு மஜ்ஜை அவருக்குப் பொருந்தியது. பெண்ணாடத்தில் மாமியாரோடு தினமும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த எனக்கு, உயிர் கொடுத்தவள் என்ற பெயர் தேனாய் இனித்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னேன்.

சென்னையில் டாக்டரம்மா எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அண்ணனின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் செல்களைக் குடியேற்றுவார்கள். கூடவே என் காவல் செல்களும் போகும். அண்ணன் உடம்பில் மிஞ்சியிருக்கும் அவருடைய செல்களே அவர் உடம்பின் துணுக்குகளை என் செல்களிடம் தூக்கிக் காட்டுமாம். கூடப் பிறந்தவளின் செல்லுக்கும் அது அந்நியமாகத் தெரியலாம். தெரிந்தால் தோல், குடல், ஈரல் என்று பாய்ந்துவிடும். மிச்சமுள்ள புற்றைத் தீர்ப்பதும் அதே செல்கள்தான் என்பதால் அடியோடு ஒழிக்கவும் கூடாது. அடக்கி வைக்கத்தான் அந்த மாத்திரை, ஒரு வேளையும் தவறக்கூடாது. அண்ணன் சிரித்தார்.

"பாப்பாவோட செல்லாச்சே. போன வூட்டுல சண்ட போடாம இருக்குமா?"

ஊர் திரும்பிச் சில வாரங்கள் நன்றாகவே இருந்தார். நானும் துணைக்கு அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். பங்குனி வெயிலில் ஒரு காலை, அவர் உள்ளங்கையிலும் காது மடலிலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மறுநாள் மார்பெல்லாம் மணல் வாரி இறைத்தது போல. அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

"ஆத்தா வந்திருக்கிறா. எறங்குற வரைக்கும் மருந்து படக்கூடாது."

டாக்டருக்குப் போன் போடலாமா என்று அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதான ரத்தம் குடுத்தவ. டாக்டரு சொன்னதெல்லாம் ஒனக்குத்தான் புரியும். நீ சொல்லு."

எனக்குப் புரிந்திருந்தது. உள்ளங்கையில் தொடங்கும் என்று டாக்டரம்மா தன் கையை விரித்தே காட்டியிருந்தார். ஆனால் அது அம்மையாக இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. அம்மை என்றால் வந்தவள் மாரியாத்தா. இல்லையென்றால் நான். ரெண்டு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் ஐந்து நாளானது. அவருக்கு வயிறு பச்சைத் தண்ணீராகப் போனது. உடம்புச் சூடு இறங்குகிறது என்றாள் அம்மா. கண் மஞ்சளானதும்தான் கார் பிடித்தோம். டாக்டரம்மா அண்ணன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்டார். அம்மா அண்ணனின் போர்வையை இழுத்து மூடினாள், அண்ணி என்னைப் பார்த்தாள். அதன் பிறகு எந்த மருந்துக்கும் என் செல்கள் அடங்கவில்லை. முன்பே எடுத்திருந்த பரிசோதனையின் முடிவு அந்த வாரம்தான் வந்தது. புற்றின் சுவடே இல்லை, ஓடுவது முழுக்க என் ரத்தம் என்று இருந்தது. மூன்றாம் வாரம் அண்ணன் போய்விட்டார்.

விதி என்றார்கள், ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். அம்மா சாகும்வரை அதையே நம்பினாள். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. காரியம் முடிந்து நான் பஸ் ஏறக் கிளம்பியபோது, அண்ணி பரணிலிருந்து ஜாடியை இறக்கி என் கையில் வைத்தாள்.

"இத நீயே வச்சுக்க."

அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. அதன்பின் என்னோடு பேசவுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜாடியைத் துடைத்து வைக்கிறேன். ஐந்து நாள் மாத்திரையும் உள்ளே அப்படியே இருக்கிறது. அண்ணனை எரித்த அன்று, அவர் ரத்தத்தோடு என் ரத்தமும்தான் எரிந்தது என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். எரிந்ததெல்லாம் என் ரத்தம்தான். அண்ணனுடையது ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.