நடுவில் உட்காரும் காடைகள்

என் சித்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூடப்பிறந்த என் அம்மாவுக்கே அவள் 'மைக்'தான். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது அவளுடைய உத்தியோகம். சேரும்போதே கணீரென்ற குரல். போகப்போக மைக்கே தேவைப்படாத குரலாகிவிட்டது. வீட்டில் "உப்பு டப்பா எங்க?" என்று அவள் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தன் அடுக்களையில் தேடுவார்.

சித்தப்பா சோபாக்களுக்கு மெத்தை வைத்து உறை தைக்கிறவர். தனியாகப் பட்டறை கிடையாது. வாசல் அறையில் ஸ்பிரிங் தெரியக் கிடக்கும் சோபா, கூடத்தில் துணி மாற்றிய சோபா, பின்னறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஃபோம். உட்கார இடத்துக்குப் பஞ்சமே இல்லாத வீடு. ஆனால் உட்காருகிற எதுவும் அவர்களுடையது இல்லை. போன தடவை போனால் டாக்டர் வீட்டு சோபாவில் டீ குடித்திருப்போம். இந்தத் தடவை அது போய்ச் சேர்ந்திருக்கும், வங்கி மேனேஜருடைய சாய்வு நாற்காலி வந்திருக்கும்.

"கல்யாணமாகி வந்ததிலேர்ந்து ஊரான் சோபாலதான்டி உக்காந்திருக்கேன்" என்பாள் சித்தி. "அதுவும் ஓரமா. நடுவுல உக்காந்தா ஸ்பிரிங் அமுங்கிடுமாம். உங்க சித்தப்பா கண்ணாலயே எழுப்பி விட்டுடுவாரு."

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு இது உறைத்தது. தனக்கென்று அந்த வீட்டில் ஒரு மூலைகூட இல்லை. வேலையிலாவது ஓர் அறை இருந்தது, ஒரு நாற்காலி இருந்தது, நடுவில் உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில் பழைய டிரைவர் ஒருவர் வீட்டுக்குப் போனவள், அங்கே கூண்டில் காடைகளைப் பார்த்தாள். டிரைவரின் மனைவி ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாராம். பேனா உதறியதுபோல் புள்ளி புள்ளியாக, இன்னும் சூடாறாமல். சித்தி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"காடையா?" என்றார் சித்தப்பா, வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுக்காமலே. "எங்க வெப்ப? என் தலையிலயா?"

"பின்னறை மூலையில."

"அங்க ஃபோம் நிக்குது."

"ஃபோம் முட்டை போடுமா?"

சித்தப்பா ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். ஓர் ஓட்டலுக்கு மொத்தமாக நாற்காலி வேலை பேசியிருந்தார். அதற்கு ஒரு லாரி ஃபோம் வரவேண்டியிருந்தது.

"லோடு வர்றவரைக்கும் மூலையை வெச்சுக்க" என்றார். "அதுக்குள்ள ஒரே ஒரு முட்டை வெச்சுதுன்னா அந்த மூலை உனக்கே. இல்லன்னா ஃபோம் இறங்கும், கூண்டு வெளிய போகும்."

"அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

"நான் ஏன் மாறப்போறேன்? காடை பயந்தாங்கொள்ளி. அது முட்டை வெக்கணும்னா நீ வாயை மூடணும். அது நடக்கற காரியமா?"

கூண்டு வாங்க என்னைத்தான் துணைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் காடை என்றதும் தாழ்வான, தட்டையான ஒரு கம்பிப் பெட்டியை எடுத்து வைத்தார். சித்தி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது கூண்டா, சோத்து டப்பாவா?"

"காடைக்கு இதாம்மா சரி. உயரம் கூடாது."

"ஏன் கூடாது? நாமதான் குனிஞ்சே காலத்தை ஓட்டறோம். அதுங்களாவது நிமிர்ந்து நிக்கட்டுமே."

கடைசியில் அவள் எடுத்தது இடுப்பளவு உயரமான ஒரு கிளிக்கூண்டு. மேலே கோபுரம், அதன் உச்சியில் பித்தளைக் கொக்கி. கடைக்காரர் வாயைத் திறந்தார், சித்தியின் குரல் அவரை முந்திக்கொண்டது, மூடிக்கொண்டார்.

ஆறு பெண் காடைகள் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. கைக்கு அடக்கமான, காய்ந்த சருகு நிறப் பறவைகள். கூண்டுக்குள் விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. சித்திக்கு மனசு தாங்கவில்லை. "வாங்கடி என் கண்ணுங்களா!" என்றாள்.

ஆறும் தரையிலிருந்து அம்பு மாதிரி நேர் மேலே கிளம்பின. காடை பக்கவாட்டில் ஓடி ஒளிகிற ரகம் இல்லை. பயந்தால் செங்குத்தாக எகிறும். கோபுரத்துக் கம்பியில் தலைகள் மோதிய சத்தம் கூடத்து வரைக்கும் கேட்டது. "ஐயோ!" என்று சித்தி அலறினாள். மறுபடி ஆறும் எகிறின.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். ஒரு காடைக்கு உச்சந்தலையில் இறகு பெயர்ந்து சிவந்திருந்தது. போய், கத்தியும் ஒரு துண்டு ஃபோமும் கொண்டுவந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"தலை இடிக்குதுன்னா மெத்தை வெக்கணும். எனக்கு வேற என்ன தெரியும்?"

கோபுரத்தில் மெத்தை நிற்கவில்லை. தவிர, அத்தனை உயரம் வேகமெடுத்து வந்து இடித்தால் மெத்தை இருந்தும் கழுத்துக்கு ஆபத்துதான். உயரம் கூடாது என்று கடைக்காரர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. தாழ்வாக இருந்தால் எகிற வேகமே வராது. சித்தி அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயடைத்து நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் போனபோது சித்தப்பா பின்னறையில் மூன்று பேர் உட்காரும் சோபாச் சட்டம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ மெத்தை மாற்றக் கொடுத்துவிட்டு வெளியூர் போனவர், 'எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க' என்று சொல்லிவிட்ட சட்டம். சாய்மானத்தைக் கழற்றினார். கைகளையும் கால்களையும் விட்டுவைத்தார். உட்காரும் இடத்தில் விரல் நுழையாத கம்பி வலையை இழுத்து அடித்தார். சோபாவுக்குத் துணி இழுக்கிற அதே இழுப்பு, எங்கும் ஒரு தொய்வில்லை. வலையை முன்பக்கம் லேசாகச் சரித்திருந்தார், முட்டை வைத்தால் உருண்டு முன்னால் வர. சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வலை. அடியில் எச்சத்துக்கு இழுத்துக் கழுவுகிற தகரத் தட்டு. கூரைக்கு ஃபோம் வைத்து, துணி போர்த்தி, வரிசையாகப் பொத்தானும் வைத்துத் தைத்திருந்தார்.

"பொத்தான் எதுக்கு சித்தப்பா?"

"பொத்தான் இல்லாம ஒரு மெத்தையா?"

காடைகள் உள்ளே விட்ட நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துப் பொத்தான்களைக் கொத்திக்கொண்டே இருந்தன. சாயங்காலம் அவரே முனகிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தெடுத்தார். அதைவிடப் பெரிய கூத்து, காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வலையின் மேலும் ஃபோம் போட்டது. ரெண்டே நாளில் பின்னறைப் பக்கம் யாரும் போக முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். கால் வலித்தால் நின்றுகொள்ள ஒரு சின்னப் பலகை போதும் என்று சித்தி சொன்னது சரியாக இருந்தது.

முட்டை உருண்டு வந்து நிற்கவேண்டிய பள்ளத்துக்கு மட்டும் மெரூன் வெல்வெட் ஒட்டினார். அதை யாரும் கேட்கவில்லை.

இடம் பார்ப்பதில் சித்தி குறியாக இருந்தாள். ஜன்னலுக்கு நேராக வைத்தால் காற்று அடிக்கும்; கதவோரம் வைத்தால் போகிற வருகிறவர்களின் கால் தெரிந்து மிரளும். மூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வெளிச்சத்துக்கு ஒரு சின்ன பல்ப் கட்டி, தண்ணீரையும் தீனியையும் இரண்டு ஓரங்களில் தள்ளி வைத்தாள். ஒரு பழைய கேக் தட்டில் மணல் நிரப்பி உள்ளே விட்டாள். அதைப் பார்க்க வேண்டுமே! ஆறும் அதில் விழுந்து புரண்டு, மல்லாந்து, இறக்கையால் மணலை வாரி இறைத்து, திருவிழாக் கூட்டம்போல் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. சித்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த மணல், பக்கத்தில் தயாராக நின்ற டீச்சர் வீட்டு வெள்ளை சோபாவில் போய்ப் படிந்தது. எடுத்துப்போக வந்த டீச்சர் அதைத் தடவிப் பார்த்து, "என்ன சார், கடற்கரையில வெச்சுத் தெச்சீங்களா?" என்றார். சித்தப்பா தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துக் கொடுத்தார். சித்தியை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் அவருடைய கோபம்.

எல்லாம் பொருந்தி வந்தது, முட்டையைத் தவிர. வயசு வந்த பறவைகள்தான், தீனியிலும் குறையில்லை. ஆனால் சின்னச் சத்தத்துக்கும் எகிறின. அதனால் சித்தி வாயை மூடினாள். நிஜமாகவே மூடினாள். கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். போன் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய் எடுத்தாள். சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிடக் கையைத் தட்டில் பிசைவதுபோல் ஜாடை காட்டினாள். எதிர்வீட்டுக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "சித்திக்கு உடம்புக்கு ஏதாவது...?" என்று விசாரித்தார்.

அப்படியும் பலனில்லை. வீடு அமைதியாக ஆக ஆக, ஒரு கரண்டி விழுந்தால்கூட அது இடி விழுந்த மாதிரி ஆயிற்று. சித்தப்பா ஓர் ஆணி அடித்தால் ஆறும் கூரை மெத்தையில். காலையில் வெல்வெட்டைத் தடவிப் பார்ப்பாள் சித்தி, வெறும் வெல்வெட்.

லோடு அன்று மதியம் வருகிறது என்று போன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு லாரிக்கு வழிகாட்ட முனைக்குப் போனார். சித்தி பின்னறைக்குப் போய்க் கூண்டின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"போகட்டும்டி" என்றாள் என்னிடம், கிசுகிசுப்பாக. பிறகு, "இனிமே வாயை மூடி என்ன ஆகப்போகுது" என்று சொல்லித் தொண்டையைச் செருமினாள்.

"பயணிகள் கவனத்திற்கு!"

ஆறும் எகிறின. அவள் நிறுத்தவில்லை.

"தண்ணீர்க் குவளை வழியாகத் தீனித்தொட்டி வரை செல்லும் வண்டி, நடைமேடை மூன்றிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். மணல் தட்டுக்குச் செல்லும் பயணிகள் இடித்துக்கொள்ளாமல் ஏறவும். உச்சந்தலையில் முடியில்லாத பயணி முன்னால் வரவும்."

அதே ஏற்றம், அதே இறக்கம். அத்தனை வருஷம் கூட்டத்தைத் திசை பிரித்து அனுப்பிய குரல். காடைகள் முதலில் பதுங்கின. அவள் சொல்லிக்கொண்டே போனாள். தாமதமாக வரும் வண்டி, பழுதான வண்டி, காணாமல்போன குடை. ஒரு காடை தலையை நீட்டியது. இன்னொன்று தீனியைக் கொறித்தது. சத்தம் அவற்றுக்குப் பிரச்சினையே இல்லை, அமைதியைப் பிளந்துகொண்டு திடீரென்று வருவதுதான் பிரச்சினை. நிற்காமல் ஓடும் குரல் மின்விசிறிச் சத்தம்போல் அறையில் நிரம்பி நின்றது.

"அடியே!" என்றாள் சித்தி, அதே உச்சஸ்தாயியில், கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எகிறலைடி!"

லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. எகிறவில்லை. சுமைக்காரர்கள் ஃபோமைத் தரையில் தொப்பென்று போட்டார்கள். ஒன்றிரண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தன, அவ்வளவுதான். சித்தி அறிவித்துக்கொண்டே இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்பதுபோல் இருந்தாள்.

சித்தப்பா ஒரு கட்டு ஃபோமைத் தோளில் தூக்கியபடி பின்னறை வாசற்படியில் வந்து நின்றார். "அங்க என்ன பஸ் ஸ்டாண்டா நடத்தற..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவருடைய பார்வை சித்தியிடம் இல்லை, கூண்டில் இருந்தது.

பலகையோரம் உட்கார்ந்திருந்த முடியில்லாத காடை எழுந்து நகர்ந்தது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு முட்டை மெல்ல உருண்டு, சரிவில் ஒரு தடவை தயங்கி, வெல்வெட்டில் வந்து நின்றது.

"மூணு நாளா இது தீனி அதிகமா தின்னுதேன்னு நெனச்சேன்" என்றாள் சித்தி. குரல் உடைந்துவிட்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நீங்களே எடுங்க. உங்க வெல்வெட்டு" என்றாள்.

சித்தப்பா ஃபோமை இறக்கி வைத்தார். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், துணியில் நெசவு பார்ப்பதுபோல. வாயில் ஆணி இல்லாததால் துப்ப ஒன்றுமில்லை. அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"யப்பா, லோடை இங்க கொண்டுவராதீங்க. கூடத்துல அடுக்குங்க."

"கூடத்துல மேனேஜர் நாற்காலி கிடக்கே சார்!"

"அதுக்கு மேல அடுக்குங்க."

இப்போது அந்த வீட்டில் நடக்கவே இடமில்லை, ஃபோமுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்துதான் போகவேண்டும். தினமும் காலையில் அறிவிப்பு நடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் கடிகாரம் பார்க்காமல் வேலைக்குக் கிளம்புகிறாராம். கிளிக்கூண்டில் சித்தப்பா நூல்கண்டுகள் வைத்திருக்கிறார்.

போன வாரம் போனபோது வெல்வெட்டில் நான்கு முட்டைகள் வரிசையாக இருந்தன. சித்தி கூண்டின் சோபாக் கையில் சாய்ந்துகொண்டு, உள்ளே காட்டினாள். ஆறும் கும்பலாக, சட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தன.

"பாத்தியா?" என்றாள். "நம்ம சோபா. எங்க வேணா உக்காரலாம்."

"மெல்லப் பேசு" என்றார் சித்தப்பா கூடத்திலிருந்து.

"மெல்லப் பேசினா பயப்படுதுங்க!" என்று கத்தினாள் சித்தி. ஒரு காடைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.