ராஜசபையில் காய்ந்த காப்பி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆண்டு விழா நாடகத்தை என்னிடம் கொடுத்தார்கள், வேறு யாரும் கை தூக்காததால். மூன்று பழைய ராஜா நாடகங்களை உடைத்து ஒன்றாகக் கட்டி, இந்தக் காலத்துக்கு இழுத்து வந்தேன். ராஜாவுக்குக் கிரீடம் கிடையாது. கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட எஸ்டேட் முதலாளி அவன். தூதுவன் ஹெல்மெட்டோடு வருவான், சிக்னல் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்தபடி. மூன்று நாடகங்களிலும் ராணி கடைசியில் அழுது மயங்கி விழுகிறாள். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் ராணி, தன் தம்பியைப் பொய் வழக்கில் உள்ளே தள்ளிய ராஜாவின் முன்னால் போய் நின்று, ஏன் என்று கேட்பாள்.

ராணியாக நடிக்க, வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்திலிருந்து வருகிற என் தோழி ஒத்துக்கொண்டாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. ஆனால் அது காப்பி அறுவடைக் காலம். அவளுடைய அம்மா ஓர் எஸ்டேட்டில், காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தார். கல்லூரி விட்டதும் இவளும் போய்க் கூட நின்றால்தான் பனி இறங்குவதற்குள் காப்பியைக் கூட்டி மூட முடியும். ராணி வர முடியாவிட்டால் ராஜசபைதான் அவளிடம் போக வேண்டும். எஸ்டேட் கணக்கு பார்க்கிற ரைட்டரிடம் அவள் அம்மாவே பேசி, களத்தில் ஒத்திகை பார்க்க அனுமதி வாங்கித் தந்தார்.

களம் என்பது பெரிய சிமென்ட் தரை. அதில் காப்பி பாத்தி பாத்தியாகக் காய்ந்துகொண்டிருக்கும். பாத்திகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் வழி. முதல் நாளே அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“நாடகம் ஆடுங்க கண்ணு, வேண்டாங்கல. காப்பி மேல மட்டும் கால் படக்கூடாது. பட்டா அன்னிக்கோட சரி.”

விளைந்ததை மிதிப்பது அவருக்கு ஆகவே ஆகாது. அவரே வழியில் நின்றுகொண்டு, நீளக் கழி வைத்த பலகையால்தான் கிளறுவார்.

அந்த மூன்று வாரம் நான் சிரித்ததுபோல் அதற்கு முன் சிரித்ததில்லை. ராஜா கம்பீரமாக நாலு எட்டு வைப்பதற்குள் பாத்தி குறுக்கே வரும். திரும்பிச் சுற்றிக்கொண்டு போவான். ராஜாவும் மந்திரியும் சண்டை போடும் காட்சியில், கொண்டை ஊசி வளைவில் எதிரெதிரே மாட்டிய பஸ்கள் மாதிரி யார் பின்னால் போவது என்று தெரியாமல் நிற்பார்கள். தூதுவன் ஒருமுறை தடுமாறியபோது மந்திரி வசனத்தை விட்டுவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான். நான் தொண்டை கிழியக் கத்துவேன். பனி இறங்கியதும் ஒத்திகை நின்றுவிடும். ராஜா விளக்குமாற்றை எடுப்பான், மந்திரி படுதாவை இழுப்பான், எல்லோரும் சேர்ந்து காப்பியைக் குவித்து மூடுவோம். ராஜாவுக்குப் பெருக்கத் தெரியவில்லை என்று அந்த அம்மா தினமும் குறைப்பட்டுக்கொள்வார்.

ஆண்டு விழா முடிந்ததும் சேலத்தில் கல்லூரிகளுக்கிடையே ஒரு நாடகப் போட்டி இருந்தது. இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டும். மகளை அனுப்புவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை அந்த அம்மா. மேடையில் ஒருமுறை பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டார். என் தோழி அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது மெல்லச் சொன்னாள்.

“எனக்கு இது நொம்பப் புடிச்சிருக்குது. ஆனா அம்மா வேண்டாம்னா நான் மறுக்கா கேக்க மாட்டேன்.”

அவள் இல்லாமல் எனக்கு நாடகமே இல்லை. அதைச் சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நான்கூட அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விழா அன்று திரை விலகிய பிறகுதான் நான் செய்த மடத்தனம் உறைத்தது. வெறும் மேடையில் நாங்கள் ஒருநாள்கூட நடந்து பார்க்கவில்லை. ராஜா நுழைந்தான், மூன்று எட்டு வைத்தான், காலி மேடையில் சட்டென்று திரும்பி ஓரமாகச் சுற்றினான். மந்திரியும் அதே வழியில் வளைந்து வந்தான். கூட்டம் சிரித்தது. நான் பக்கத்துத் திரையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, அங்கே காப்பி காய்கிறது என்று சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எஸ்டேட்காரர்கள். அதற்குப் பிறகு மேடையில் யார் நடந்தாலும் அவர்கள் பார்வை காலிலேயே இருந்தது. தூதுவன் ஓடியபோது ஒரு பெண்மணி பயத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி. ராணி உள்ளே வந்தாள். களத்தில் அவள் சிம்மாசனத்துக்குப் போக நான்கு பாத்தியைச் சுற்ற வேண்டும். இங்கே அவள் நின்றாள், ராஜாவைப் பார்த்தாள், நேராக நடந்தாள். ஒவ்வோர் எட்டையும் அழுத்தி வைத்து, காப்பியின் மேலேயே நடந்தாள். அரங்கம் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. மூன்றாம் வரிசையில் அவள் அம்மா முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். ராஜா தான் ராஜா என்பதையே மறந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்று, ஏன் என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரி அழுதால் கேலி செய்வார்கள் என்று திரைத்துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்து அவள் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். ராணி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அங்கே காப்பியே இல்லை, வெறும் பலகைதான் என்று நான் அவசரமாக விளக்க ஆரம்பித்தேன்.

“இருந்துச்சு கண்ணு. நான் பாத்தேன்,” என்றார். மகளை முன்னால் இழுத்து, கலைந்திருந்த அவள் தலையைச் சரிசெய்தார். “அத்தன கோவம் வந்தா யாரா இருந்தாலும் மிதிக்கத்தான் செய்வாங்க.”

பிறகு என் பக்கம் திரும்பி, சேலத்துக்குக் காலையில் எந்த பஸ்ஸில் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

“அங்கயும் இவ மட்டும் மிதிக்கட்டும் சாமி. மத்தவங்க எல்லாம் சுத்தியே போகோணும்.”