மாலை போட்டவரின் மூட்டு மாத்திரை

வாடிப்பட்டி நெல் கிடங்கில் முப்பது வருஷமாக மூட்டை தூக்கும் காசிமாயனுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. மருந்துக்கடை அருள்பாண்டி ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, "விளையாட்டுக்காரங்க சாப்பிடுறதுண்ணே. மூட்டுக்கு அம்புட்டு நல்லது" என்றான். அன்றிலிருந்து தினம் காலையில் இரண்டு மாத்திரை. காசிமாயனும் ஒரு வகையில் விளையாட்டுக்காரர்தான். தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடப்பதில் இது பத்தொன்பதாம் வருஷம்.

போன வருஷம் ஆடியில் அவர் மனைவி மாயக்காள் செத்துப்போனாள். காசிமாயன் அழவில்லை. துக்கத்தை அடக்கிக்கொண்டார் என்று யாரும் பெருமை பேச வேண்டாம்; அழுகை வரவேயில்லை, அவ்வளவுதான். சுடுகாட்டிலும் வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்று சொந்தக்காரிகள் அவர் காதுபடவே பேசினார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு தடவை அவளுக்காக அழுதுவிட்டால் போதும் என்று மட்டும் இருந்தது.

வருஷத் துக்கம் கழிந்து, இந்த மார்கழியில் வழக்கம்போல் மாலை போட்டார். மாலை போட்ட வீட்டில் கவிச்சி ஆகாது என்று மகள் சத்யப்ரியா சட்டிபானையைக்கூடப் புதிதாக வாங்கினாள். முப்பதாம் நாள் அவள்தான் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"அப்பா, இது எறா ஓட்டுல செஞ்சதாம்ப்பா!"

வேறு சாமியாக இருந்தால் வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்திருப்பார். காசிமாயன் "அப்படியா" என்றார். குருசாமி மலையாண்டியிடம் போய்ச் சொன்னார்.

"தெரியாமத் தின்னது தோசமில்ல சாமி, இனிமே தொடாதீக. ஆனா மாத்திரை இல்லாம அம்புட்டுத் தூரம் முட்டி தாங்குமா?" என்றார் மலையாண்டி.

தாங்காது என்றுதான் காசிமாயனும் நினைத்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முட்டி வலித்தால் கண்ணில் தண்ணீர் வரும். எதற்காக வந்தால் என்ன, வருவதை மாயக்காளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து டப்பாவைக் குப்பையில் போட்டார்.

நடந்தார்கள். திண்டுக்கல் வரை ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி, காலில் கொப்புளம் வந்த இளவட்டங்கள் நொண்டினார்கள். இவர் வேண்டுமென்றே சரளைக்கல் ஓரமாக நடந்து பார்த்தார். மலையில் இரண்டிரண்டு படியாக ஏறிப் பார்த்தார். மாத்திரை தின்ற காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது முட்டி. வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சன்னதியில் ஆளாளுக்குக் கண்ணீர் விட்டு அரோகரா போட்டார்கள். மலையாண்டி அவர் தோளைத் தட்டினார்.

"பாத்தீகளா சாமி, முருகன் ஒங்க முட்டியக் காப்பாத்திப்புட்டான். ஆமா, இந்த வருசம் என்ன வேண்டிக்கிட்டு வந்தீக?"

காசிமாயன் கண்ணைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது.

"வலிக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன் சாமி" என்றார்.