வேலி தாண்டிய மாமரம்

அக்காவும் நானும் பல வருடங்களாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அதற்காக எங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் என் நாயோடு கதைப்பேன். அவள் தன் ஆட்டோடு கதைப்பாள். இரண்டு வளவுக்கும் நடுவே இருப்பது ஒரு கிளுவை வேலி. இரண்டு பேருக்கும் குரல் நன்றாகவே இருக்கிறது. செத்த வீடு, கலியாண வீடு, நாளைக்குக் கரண்ட் நிற்கப் போவது எல்லாவற்றையும் நாயும் ஆடும் முதலில் அறியும். பிறகு நாங்கள் அறிவோம்.

சண்டை ஒரு மாமரத்தால் வந்தது. அப்பா காணியை இரண்டாகப் பிரித்து எங்களுக்குச் சீதனமாக எழுதினார். அளக்க வந்தவர் இழுத்த கயிறு, வீடுகளுக்கு வருகிற ஒழுங்கையின் மூலையில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு அந்தப் பக்கமாகப் போனது. ஒரு சாண் வித்தியாசம். மரம் எனக்கு வந்தது. அதன் பெரிய கொப்பு, காய்ப்பில் பாதியைச் சுமக்கிற கொப்பு, அவள் வளவுக்குள் சாய்ந்து நின்றது. கயிற்றை நான் இழுக்கவில்லை. ஆனால் இழுத்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது நான். அக்கா அதை மறக்கவில்லை.

எங்கள் ஊரில் பழம் எந்த வளவில் விழுகிறதோ அந்த வளவுக்காரருக்குத்தான் சொந்தம். ஆகவே ஒவ்வொரு கோடையும் அவள் என் மரத்துப் பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே என்னோடு கோபமாக இருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பழம் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவளோடு கோபமாக இருந்தேன்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் ஒழுங்கையை அகலிக்க வந்தவர்கள் மரத்தில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு போட்டால் தறிப்பார்கள் என்று அர்த்தம். மரம் அப்போது பூவும் பிஞ்சுமாக நின்றது.

என் கணவர் இரண்டு நாள் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்தார். பெரிய மரங்களை வேரோடு கிளப்பி வேறிடத்தில் வைக்கிறார்களாம். வெளிநாட்டில் ஆலமரத்தையே லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். "எங்கடையையும் வைக்கலாம்" என்றார். எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர் வளவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கிணறு. ஒரு பக்கம் மலசலகூடக் குழி. மிச்சத்தைப் போன வருடம் அவரே சீமெந்து போட்டு மூடியிருந்தார், கார் நிறுத்த. எங்களிடம் கார் இல்லை.

இடம் இருந்தது அக்காவின் வளவில்தான். அவளுடைய பழைய மாட்டுக்கொட்டில் நின்ற இடம். சாணமும் கோமியமும் ஊறிய மண். எங்கள் பக்கத்தில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் இடிக்கும், அந்த இடத்தில் மட்டும் மண் ஆழமாக இருந்தது. ஆனால் மரம் அங்கே போனால் அது அவளுடைய மரம். இத்தனை வருடம் ஒரு சாணுக்காகச் சண்டை பிடித்துவிட்டு, முழு மரத்தையும் நானே கிளப்பிக்கொண்டுபோய் அவளிடம் கொடுக்க வேண்டும்.

"மரம் உயிரோடை இருக்க வேணுமோ, செத்தாலும் உன்ரை எண்டு இருக்க வேணுமோ?" என்று கணவர் கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அன்று முழுவதும் அவரோடும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலை.

அடுத்த நாள் வேலியடியில் நின்று நாயிடம் சொன்னேன். "கேட்டியேடா, எங்கடை மாவைத் தறிக்கப் போறாங்களாம். கிளப்பி வைக்கலாமாம். எங்கை வைக்கிறது? இஞ்சை இடமில்லை." நாய் என்னைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வேலிக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

பின்னேரம் ஆட்டுக்குக் குழை கட்டும்போது அக்காவின் குரல் கேட்டது. "எடியே, எங்கடை மாட்டுக்கொட்டிலடி சும்மாதானே கிடக்கு. அதிலை ஆர் என்னத்தைக் கொண்டுவந்து வைச்சாலும் நான் கேக்கப்போறனே?"

வேலை அப்படித்தான் தொடங்கியது. மாசியில் மரத்தைச் சுற்றிப் பாதி வட்டமாகக் கிடங்கு வெட்டி வேர்களை அறுத்தோம். மரம் பழகட்டும் என்று சில கிழமை விட்டு மற்றப் பாதியை வெட்டினோம். வேரோடு ஒட்டிய மண் கலையாமல் ஈரச் சாக்கால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். கொப்புகளைக் குறைத்தோம். பெரிய கொப்பையும் பாதியாகத் தறிக்க வேண்டியிருந்தது. பிஞ்சுகள் பொலபொலவென்று அக்காவின் முற்றத்தில் கொட்டின. அவள் அவற்றை ஒரு பனையோலைக் கடகத்தில் பொறுக்கினாள். ஆடு மட்டும் சந்தோஷமாக இருந்தது.

பங்குனியில் ஜேசிபியும் கிரேனும் வந்தன. கிரேன்காரர் பருத்தித்துறையில் வள்ளங்களைக் கரைக்குத் தூக்குகிறவர். மரம் தூக்குவது அவருக்கு முதல் தடவை. வேலியில் கிரேன் போகிற அளவுக்கு ஒரு துண்டைப் பிரித்தோம். மரம் நிலத்தை விட்டுக் கிளம்பியபோது ஒரு சத்தம் வந்தது, மிச்ச வேர்கள் அறுகிற சத்தம். அக்கா தன் குசினி வாசலில் நின்றாள். கையில் அகப்பை இருந்தது. அடுப்பில் எதுவோ கருகிக்கொண்டிருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டுக்கொட்டிலடியில் ஜேசிபி வெட்டிய கிடங்குக்கு மேலே மரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கிரேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "அணியம் எந்தப் பக்கம் பாக்கோணும்?" என்றார். அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். மரத்துக்கு எது முன்பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பெரிய கொப்பைக் காட்டினார்.

அக்கா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள். "தம்பி, கொப்பை அந்தப் பக்கமாத் திருப்பி விடும். அவையின்ரை வளவுப் பக்கம். பழம் அங்காலையும் விழட்டும்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த கணமே பயம் பிடித்தது. ஏனென்றால் மரம் முன்பு எந்தத் திசையைப் பார்த்து நின்றதோ அந்தத் திசையையே பார்த்து நிற்க வேண்டும் என்று கணவர் வீடியோவில் கண்டு, வடக்குப் பக்கத் தோலில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தார். திருப்பி வைத்தால் நிழலில் இருந்த தோல் வெயிலில் வெடித்துவிடுமாம். கணவர் அவளிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் சொன்னபடி வைத்து வெடித்தால் அவளே குற்றவாளி ஆகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மரம் பிழைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் நாங்கள் ஆட்டோடும் நாயோடும் கதைப்போமோ.

நாய் கிரேனுக்குப் பயந்து என் காலடியில் நின்றது. கணவருக்கு முந்தி நான் அதைப் பார்த்துச் சொன்னேன். "முந்தி நிண்டமாதிரியே நிக்கட்டும். மரம் தப்பட்டும். பழம் எங்கை விழுந்தா என்ன?"

கிரேன்காரர் நாயைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள். சுண்ணாம்புப் புள்ளி வடக்கே போனது, பெரிய கொப்பு அவளுடைய குசினியைப் பார்த்து நின்றது.

மரத்துக்கு நான்கு பக்கமும் பனங்குற்றியால் முண்டு கொடுத்தோம். தண்டில் வெயில் படாமல் தென்னோலைக் கிடுகு கட்டினோம். ஒரு கிழமைக்குள் மிச்ச இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஒழுங்கையால் போன ஒருவர், "விறகுக்குக் குடுக்கிறியளோ?" என்று கேட்டார். கணவர் தினமும் போய் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருக்கும். அந்தப் பச்சையை நம்பித்தான் நாங்கள் இருந்தோம்.

அக்காவின் கிணறு கோடையில் உவர்த்துவிடும். ஆகவே என் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில்தான் கொண்டுபோக வேண்டும். வேலியில் பிரித்த துண்டை அடைக்கவில்லை. காலையிலும் பின்னேரத்திலும் நான் குழாயை இழுத்துக்கொண்டு அந்த வழியால் போவேன், தண்ணீர் விடுவேன், வருவேன். அக்கா வாசலில் இருந்து மீன் வெட்டுவாள், வெங்காயம் உரிப்பாள். ஒரு சொல் இல்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆடு மரத்தின் தோலைக் கடிக்கத் தொடங்கியதால் அக்கா அதைப் பின்வளவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். என் நாய், மரத்தடியில் எப்போதும் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே போய்ப் படுத்துத் தூங்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் கூப்பிட்டாலும் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் கதைக்க யாரும் இல்லாமல் போனது. செத்த வீடு, கலியாண வீடு என்று ஊர்ப் புதினம் எதுவும் தெரியாமலே சில மாதம் போயிற்று.

ஆனி பிறந்து தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியது. முண்டுகள் கிறீச்சிட்டன. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. தண்ணீர் விடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலை காற்றில் கிடுகு ஒன்று கழன்று தொங்கியது. அதைக் கட்ட மரத்தின் மறுபக்கம் போனேன். நான் எப்போதும் என் வளவுப் பக்கம் நின்று தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தப் பக்கம் போனதில்லை. தறித்த பெரிய கொப்பின் நுனியில், அக்காவின் குசினியைப் பார்த்தபடி, செம்பு நிறத்தில் ஒரு கொத்துத் துளிர் நின்றது.

குழாய்த் தண்ணீர் என் காலில் ஓடிக்கொண்டிருந்தது. நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன். குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி வந்தது. "துளிர்த்திருக்கு."

"ஓம்," என்றாள். "நேற்று விடியவே கண்டனான். நீ இஞ்சாலை வந்து பாத்துச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."